கேட்கும் முறை

வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் நடுவே எல்லை வகுத்தாற்போலக் கிடக்கின்றது தொண்டைமானாற்று உவர்நீரேரி. கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்பது வழிவழி வந்த ஊர் வழக்கு. அதன் கரையிலே கோயில் கொண்டிருக்கும் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அடியார் அழைப்பர். கோயிலைச் சூழ்ந்த மடங்களிலே, வந்தவர் எவர், எவ்வூரார் என்று வினவாமல் இலை போட்டு உணவிடுவது நெடுநாளைய வழக்கம். உண்டெழுந்தவர் விலை கொடுப்பதில்லை. ஆயினும் அவ்வுணவு விலையின்றி வந்தது என்று சொல்லிவிட முடியுமா? எவரோ அரிசி கொடுத்தார். எவரோ காய்கறி கொடுத்தார். எவரோ அடுப்படியிலே வியர்வை சிந்தினார். உண்டவர்களுள்ளும் சிலர் எழுந்து அடுத்த பந்திக்குப் பரிமாறினர்.

இதே ஊரின் பெயரைத் தாங்கிய வேறொரு நிலையமும் உண்டு. உயர்தர வகுப்பிலே விஞ்ஞானம் பயின்ற வட மாகாண மாணவருள் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பெயரைக் கேளாதவர் மிகச் சிலரே ஆவர். பல பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடி ஆக்கும் அதன் வினாத்தாள்கள் மாணவரிடையே கைக்குக் கை மாறிச் செல்வன. தனித்தனியே நின்றால் இயலாத காரியத்தைப் பலர் கூடிச் செய்வது இவ்வூருக்குப் புதிதன்று.

நேயர்களே, இத்தகைய ஊர் ஒன்றிலே ஓர் ஆசிரியரை எண்ணிக் கொள்ளுங்கள். அவர் பொறுப்பிலே ஆறு பழைய கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் இருக்கின்றன. கணினிகளில் இருந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்குப் பொதுவாக வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை அதனை ஆக்கிய நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் வலு இப்பழைய பொறிகளுக்கு இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புதிய கணினியின் விலை ஒரு கிராமப் பாடசாலை எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்தில் இல்லை. பரீட்சை வினாத்தாள் அச்சிடக் காகிதமே கிடையாது தவித்த ஆண்டு அஃது என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே ஆசிரியர் உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை இணையத்திலிருந்து எடுத்து ஆறு கணினிகளிலும் நிறுவினார். பழைய பொறிகள் உயிர்பெற்று எழுந்தன. பிள்ளைகள் தமிழில் எழுதினர், படம் வரைந்தனர். எல்லாம் நன்று. அச்சுப்பொறி மட்டும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவணைப் பரீட்சை, வினாத்தாள் கணினிக்குள்ளே இருக்கின்றது, அன்று செவ்வாய்க்கிழமை.

விலைக்கு வாங்கிய மென்பொருளாயின் விற்றவரைக் கேட்கலாம். இதனை விற்றவர் எவருமிலர். அப்படியாயின் யாரைக் கேட்பது?

இக்கேள்விக்கு விடை காண, இவ்வியங்குதளம் பிறந்த கதையைச் சற்றே அறிதல் வேண்டும். வியப்பு யாதெனில், அக்கதையும் ஓர் அச்சுப்பொறியிலேதான் தொடங்குகின்றது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெட்சுத் தொழினுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்குச் செராக்சு நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை நன்கொடையாக அளித்தது. அது வேறொரு மாடியில் இருந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால், அச்சிட அனுப்பியவர் நடந்து சென்று பார்த்தாலொழிய அறிய வழியில்லை. ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் நிரலாளர் பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்திக் காகிதம் சிக்கியவுடன் உரியவருக்குச் செய்தி போகுமாறு செய்திருந்தார். புதியதற்கும் அவ்வாறு செய்ய எண்ணி, அதன் மூல நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் நேரிற் சென்று கேட்டார். எவருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லப்பட்ட அந்த ஒரு சொல் ஸ்டோல்மனின் மனத்தில் ஆழப் பதிந்தது. 1983 செப்டெம்பரில் கனு என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், எவரும் உள்ளே பார்க்கலாம், எவரும் திருத்தலாம், திருத்தியதை எவருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமைகளே அதன் அடித்தளம்.

கனுத் திட்டம் பல கருவிகளை ஆக்கிற்று. ஆனால் இயங்குதளத்தின் கருவாகிய பகுதி நிறைவெய்தவில்லை. அதனை நிறைவு செய்தவர் பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரிற் பயின்ற இருபத்தொரு வயது மாணவராகிய லினசு டோர்வால்ட்சு. அவர் 1991 ஓகஸ்ட் 25ஆம் நாள், மினிக்சு என்னும் சிறிய இயங்குதளத்தைப் பயின்றோர் கூடும் இணையக் குழுவுக்கு ஒரு மடல் எழுதினார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் செய்து வருவதாகவும், மினிக்சிலே பிறர் எதனை விரும்புகின்றனர், எதனை வெறுக்கின்றனர் என்று அறிய விரும்புவதாகவும் அதிற் கூறினார். நன்றாகக் கவனியுங்கள்: உலகத்தின் பெருங்கணினிகள் பலவற்றையும் கைப்பேசிகள் கோடிக்கணக்கானவற்றையும் இன்று இயக்கும் லினக்சு, ஓர் அறிவித்தலாக மட்டும் பிறக்கவில்லை; ஒரு கேள்வியாகவும் பிறந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, ஒரு நியமத்தின் விவரங்கள் எங்கே கிடைக்கும் என்று அதே குழுவில் அவர் வினவியிருந்தார். விடை சொன்னவர்களுள் சிலர் நிரலும் அனுப்பினர், பிழையும் காட்டினர். கேட்டவரும் சொன்னவரும் வெவ்வேறு வகுப்பினராக இருந்திலர்.

ஆகவே, யாரைக் கேட்பது என்னும் வினாவுக்கு விடை, கேட்டுக் கேட்டே இதனை ஆக்கிய அந்தப் பெருங்கூட்டத்தையே கேட்கவேண்டும் என்பதாகும். அக்கூட்டத்தினர் அனைவரும் தருமத்துக்கு உழைப்பவர் என்று எண்ணிவிடலாகாது. லினக்சின் கருவை எழுதுவோருட் பெரும்பாலோர் இன்று நிறுவனங்களிற் சம்பளம் பெறுபவர்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கு முன்பின் அறியாத ஒருவரின் அச்சுப்பொறிக் கவலைக்கு மறுமொழி எழுதுபவர் பெரும்பாலும் அதற்கெனச் சம்பளம் பெறுபவர் அல்லர். தம் வேலை முடித்து, உணவு கொண்டு, பிள்ளைகளை உறங்கச் செய்துவிட்டு எழுதுபவர். இவ்வுண்மையை மனத்திற் கொண்டாற் கேட்கும் முறை தானே திருந்தும்.

நம் ஆசிரியர் செவ்வாய் இரவு ஆங்கிலத்தில் இவ்வாறு எழுதினார்: 'அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. மிக அவசரம். உதவுங்கள்.' புதன் காலை பார்த்தார்; மறுமொழி இல்லை. நண்பகலில் ஒருவர் மட்டும், கையேட்டைப் படியுங்கள் என்று இரண்டு சொல்லில் எழுதியிருந்தார். ஆசிரியருக்குச் சினம் மூண்டது. இலவசம் என்றால் இப்படித்தான் என்று பக்கத்து அறையிலிருந்தவரிடம் சொன்னார்.

அவர் சினத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இணைய உதவிக் குழுக்களிலே கடுஞ்சொல் பேசுவோர் உண்டு. ஒரே கேள்வியை ஆயிரந் தடவை கேட்டுச் சலித்தவர் ஆயிரத்தோராவது மனிதர்மீது எரிந்து விழுகின்றார். அம்மனிதருக்கோ அது முதற் கேள்வி. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இக்குற்றத்தை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒவ்வோராண்டும் அதே வகுப்பு, அதே பாடம், அதே ஐயம். ஆனால் பிள்ளை புதிது. 2004 ஒக்டோபரில் தென்னாபிரிக்கரான மார்க் சட்டில்வேர்த் தொடக்கிய உபுண்டுத் திட்டம் இக்குறையை உணர்ந்தே தனக்கென ஒரு நன்னடத்தைக் கோவையை வகுத்துக்கொண்டது. உபுண்டு என்னும் ஆபிரிக்கச் சொல்லே பிறர்பாற் கொள்ளும் மனிதப் பண்பைக் குறிப்பது. தொடக்க ஆண்டுகளில், 2011 வரை, அதன் குறுந்தட்டை உலகின் பல நாடுகளுக்கும் தபாற்செலவும் வாங்காது அனுப்பினர். இணையத் தொடர்பு அரிதாயிருந்த ஊர்களுக்கு அத்தட்டு எத்துணைப் பெரிய கொடை என்பதை அக்காலத்தவர் அறிவர்.

ஆயினும் ஆசிரியரின் கேள்வியிலும் குறை இருந்தது. வைத்தியரிடம் போய், 'ஐயா, சுகமில்லை, மருந்து தாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாய்மூடி இருப்பவருக்கு அவர் என்ன மருந்து கொடுப்பார்? எங்கே நோகின்றது, எப்போது தொடங்கிற்று, என்ன உண்டாய், முன்னர் யாரிடம் காட்டினாய் என்று நேரில் இருந்தால் அவரே கேட்டறிவார். நாடி பிடித்தும் பார்ப்பார். ஆயிரம் காதத்துக்கு அப்பாலிருப்பவர் நாடி பிடிக்க இயலாது. கேட்பவரே தம் நாடியைப் பிடித்து எழுதியனுப்ப வேண்டும். இயங்குதளத்தின் பதிப்பு எது, அச்சுப்பொறியின் ஆக்கமும் மாதிரி இலக்கமும் யாவை, என்ன செய்தபோது என்ன நிகழ்ந்தது, என்ன நிகழும் என்று எதிர்பார்த்தார், திரையிலே தோன்றிய பிழைச்செய்தி எழுத்துக்கு எழுத்து யாது, அதற்கு முன் தாம் எவற்றையெல்லாம் முயன்று பார்த்தார் என்பனவே அந்த நாடி. பிழைச்செய்தியைத் தம் சொல்லிற் சுருக்கி எழுதுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. அச்செய்தியின் நடுவிலுள்ள ஓர் இலக்கமே நோயின் பெயராக இருக்கக்கூடும்.

கேட்குமுன் தேட வேண்டும் என்பதும் உண்டு. அதே தொல்லை வேறெவருக்கோ முன்னரே வந்திருக்கும்; விடையும் எழுதப்பட்டிருக்கும். எரிக் ரேமண்ட், ரிக் மோயன் ஆகிய இருவர், கேள்வியை அறிவோடு கேட்பது எவ்வாறு என்று 2001ஆம் ஆண்டில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி வைத்தனர். உலகின் பல மொழிகளுக்கு அது பெயர்க்கப்பட்டது. அதன் தொனி சற்றுக் கடுமையானதுதான், பொருள் மெய்யானது. நன்கு அமைந்த கேள்வி பாதி விடை என்பதை ஏற்பதற்கு வேறு எவரும் சான்று கூற வேண்டியதில்லை. பல தடவைகளில், கேள்வியை முழுமையாக எழுதி முடிக்குமுன்னரே எழுதுபவருக்கு விடை புலப்பட்டு விடுவதுண்டு.

இங்கே பாடசாலையைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவரை விடை எழுதப் பழக்குவதிலே இந்நாட்டு ஆசிரியர் எவருக்கும் இளைத்தவரல்லர். பத்தாண்டு வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள் நாலாயிரம் சொல்லில் விடை எழுதுவர். அதே பிள்ளையை எழுப்பி, உனக்கு விளங்காததை ஒரு வாக்கியத்திற் கேள் என்றாற் தலை குனிந்து நிற்கும். விடைக்குப் புள்ளி உண்டு. வினாவுக்குப் புள்ளி வழங்கும் பரீட்சை எதுவும் இல்லை. தெரியாது என்று பலர்முன் சொல்வது வெட்கம் என்னும் எண்ணம் பிள்ளைக்கு மட்டுமன்று, பெரியவருக்கும், சிறப்பாக ஆசிரியருக்கும் உண்டு. தொண்டைமானாற்று ஆசிரியர் தம் கேள்வியைச் சுருக்கியமைக்கு இவ்வெட்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அவருக்கிருந்த வேறொரு தடை மொழி. ஆங்கிலத்தில் விரிவாக எழுத அவர் தயங்கினார். தமிழிற் கேட்கலாமெனில் எங்கே கேட்பது?

கேட்கக்கூடிய இடங்கள் உண்டு. அவை எளிதில் உண்டாகவில்லை. 2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் சிதறியிருந்த தமிழர் சிலர் மின்னஞ்சற் குழு ஒன்றிலே கூடி, லினக்சின் திரைகளைத் தமிழாக்கும் பணியிலே இறங்கினர். அவருட் பலர் ஒருவரையொருவர் நேரிற் கண்டவரல்லர். ஓர் எழுத்துரு ஒரு கணினியில் ஒழுங்காகத் தெரியும். மற்றொன்றிற் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருங்குறி என்னும் பொதுக் குறியேற்றம் பரவும்வரை இக்குழப்பம் தீரவில்லை. பின்னர் உபுண்டுத் தமிழ்க் குழு தோன்றிற்று. சென்னையிலே லினக்சுப் பயனர் குழுவினர் மாதத்தின் இரண்டாஞ் சனிக்கிழமைகளிற் கூடும் வழக்கத்தை நெடுங்காலம் பேணினர். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் அத்தகைய குழுக்கள் எழுந்தன. 2012 சனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் கணியம் என்னும் இணைய இதழைத் தொடக்கி, கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் தமிழில், எவரும் படியெடுத்துப் பகிரக்கூடிய உரிமத்துடன் வெளியிட்டு வருகின்றனர்.

தமிழாக்கத்திலே ஒரு சிக்கல். பாக்குநீரிணையின் அப்பாலுள்ளவர் கணினி என்பர். இப்பாலுள்ளவருட் பலர் கணனி என்றே பழகிவிட்டனர். அங்கே பதிவிறக்கம், இங்கே தரவிறக்கம். எது சரி என்று குழுக்களில் நாட்கணக்காக வாதம் நடந்ததுண்டு. வாதம் சுவையானதே, ஆனால் அதிலொரு நடைமுறைத் தொல்லை இருக்கின்றது. தரவிறக்கம் என்று தேடுபவரின் கண்ணிற் பதிவிறக்கம் என்று எழுதப்பட்ட விடை படாமற் போகலாம். விசைப்பலகையிலும் அப்படியே: தமிழ்நாட்டுக்குத் தமிழ் 99, இலங்கைக்கு ரெங்கநாதன். இவற்றை இரண்டையும் லினக்சிலே தெரிவு செய்துகொள்ள வழியிருப்பது, பெயர் வெளியே வராத தொண்டர் சிலரின் உழைப்பாலேயே.

இலங்கைக்கு இத்துறையிலே பெருமை தரும் வரலாறொன்று உண்டு. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளை வாரிச் சென்றபோது, வடமராட்சி கிழக்கும் அழிவுக்குத் தப்பவில்லை. காணாமற் போனோர் யார், எந்த முகாமில் யார் இருக்கின்றனர், எங்கே எப்பொருள் தேவை என்னும் கணக்கை வைக்க வழியின்றி நிவாரணப் பணியாளர் தடுமாறிய நாட்களில், இலங்கை நிரலாளர் சிலர் தொண்டர்களாகக் கூடிச் சஹனா என்னும் கட்டற்ற மென்பொருளை விரைந்து ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் அச்சொல் தமிழ்ச் செவிக்கு ஓர் இராகத்தின் பெயராக ஒலிக்கின்றது. பின்னர் 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் எயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. பிற நாட்டார் எடுத்துத் திருத்திக் கொடுத்தனர். எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் நிறுவகம் சமுதாயப் பயனுக்காக வழங்கும் 2006ஆம் ஆண்டின் விருதும் அதற்குக் கிடைத்தது.

பாடசாலைகளைப் பொறுத்தவரை, அயலிலுள்ள கேரளத்தின் அனுபவம் நோக்கத்தக்கது. 2001இல் அங்கே தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழினுட்பத் திட்டம் சில ஆண்டுகளிற் கட்டற்ற இயங்குதளத்துக்கு முற்றாக மாறிற்று. வெற்றியின் இரகசியம் தட்டிலே இல்லை. ஆசிரியருள்ளேயே சிலரைப் பயிற்றி, அவர்கள் பிறரைப் பயிற்ற, பழுது நேர்ந்தாற் கேட்பதற்கு அடுத்த பாடசாலையில் ஓர் ஆள் இருக்குமாறு செய்தனர். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசோடு இந்திய அரசு நிறுவனம் ஆக்கிய பாஸ் என்னும் லினக்சும் இருந்தது. ஆனாற் பொறியைக் கொடுப்பது எளிது. ஐயம் வந்தபோது பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர ஓர் ஆளைக் கொடுப்பது எளிதன்று. கேட்க ஆளில்லாத இடத்தில், பழகிய பொறியையே பிள்ளை நாடும்.

இவ்வளவும் சொல்லியபின் ஓர் இழப்பையும் சொல்லாது விடுதல் ஆகாது. தொடக்ககாலத் தமிழ்க் கணிமைக் குழுக்கள் பல யாகூ நிறுவனத்தின் இலவசக் குழுச் சேவையிலேயே நடந்தன. ஆண்டுக்கணக்கான கேள்விகளும் விடைகளும், சொல்லாக்க வாதங்களும் அங்கே குவிந்திருந்தன. 2019 ஒக்டோபரில் அந்நிறுவனம் அவற்றையெல்லாம் அழிக்கப் போவதாக அறிவித்தது. 2020 திசெம்பர் 15ஆம் நாளோடு சேவையே மூடப்பட்டது. முன்னறிந்து படியெடுத்து வைத்தவை பிழைத்தன; மற்றவை போயின. நெருப்பில்லை, புகையில்லை, ஓசையுமில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கண்ட ஒரு சமுதாயத்துக்கு ஏட்டின் அழிவு எத்தகையது என்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2005இலே தொண்டர் சிலர் தொடக்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் மின்வடிவாக்கி வைத்திருக்கின்றது. அது இயங்குவதும் கட்டற்ற மென்பொருளின் மேலேயே. அச்சிட்ட ஏட்டைக் காப்பதிற் காட்டிய அக்கறையை, நேற்றிரவு ஒருவர் எழுதிய கணினிக் குறிப்பைக் காப்பதிற் காட்டுபவர் குறைவு. அது ஏடென்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

இக்காலத்தில், மனிதரை ஏன் கேட்கவேண்டும், உரையாடும் இயந்திரத்தைக் கேட்டால் ஆகாதா என்பாரும் உளர். 2022 நவம்பருக்குப் பின்னர் இப்பழக்கம் பெருகிவிட்டது. அது பல வேளைகளிற் பயன்படுகின்றது. தமிழிலும் மறுமொழி தருகின்றது. கேட்பவரை ஏளனஞ் செய்வதுமில்லை. ஆனால் இல்லாத கட்டளையை இருப்பதாகவும், மிகுந்த உறுதியோடும் சொல்லிவிடும் குறை அதற்குண்டு. நிரலாளர் கூடும் பெருங்களமாகிய ஸ்டாக் ஓவர்புளோ, 2022 திசெம்பரிலேயே அத்தகைய விடைகளை இடுவதற்குத் தடை விதித்தது. அன்றியும் அவ்வியந்திரம் கற்றதில் ஒரு பெரும்பங்கு, மனிதர் இணையத்தில் எழுதி வைத்த கேள்வி பதில்களிலிருந்தே வந்தது. தமிழில் எழுதப்பட்டவை சிலவாயின் தமிழில் அது அறிந்ததும் சிலவாகவே இருக்கும்.

மனிதர் சொன்னாலும் இயந்திரம் சொன்னாலும் ஓர் எச்சரிக்கை பொதுவானது. விளங்காத கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு முனையத்தில் இடலாகாது. ஒரே வரியில் எல்லாக் கோப்புக்களையும் துடைத்தழிக்கும் கட்டளைகள் உள. விளையாட்டாகவும் வஞ்சகமாகவும் அவற்றைச் சொல்லிக் கொடுப்பாரும் உளர். கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் கொடுத்தலாகாது. மனம் ஐயுற்றால், இக்கட்டளை என்ன செய்யும் என்று திருப்பிக் கேட்கலாம். நல்ல உதவியாளர் அக்கேள்வியை மதிப்பர்.

நம் ஆசிரியரிடம் திரும்புவோம். புதன் இரவு அவர் மீண்டும் எழுதினார். இம்முறை ஆங்கிலத்தில் ஒரு குழுவுக்கும் தமிழில் ஒரு குழுவுக்கும். இயங்குதளப் பதிப்பையும் அச்சுப்பொறியின் மாதிரி இலக்கத்தையும் குறித்தார். யூ.எஸ்.பி. வழியே இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை இட்டு, வந்ததை அப்படியே ஒட்டினார். அச்சு வேலை வரிசையிற் சேர்கின்றது, முடிந்ததாகவும் காட்டுகின்றது, காகிதமோ அசையவில்லை என்று எழுதினார். ஆங்கிலத்தில் அவர் இலக்கணம் பிழையாகத்தான் இருந்தது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் மூவர் எழுதினர். முதலாமவர் மாதிரி இலக்கத்தைக் கண்டவுடனேயே நோயை அறிந்துகொண்டார். அவ்வகை அச்சுப்பொறி மலிவு கருதி ஆக்கப்பட்டது. தன்னை இயக்கும் உள்நிரலைத் தன்னகத்தே வைத்திராது. மின்னை நிறுத்தினால் யாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கணினியே அந்நிரலை அதற்கு ஊட்டவேண்டும். அவ்வுள்நிரலோ ஆக்கிய நிறுவனத்தின் உடைமை, மூலம் வெளியிடப்படாதது. ஆகவே கட்டற்ற இயங்குதளத்தோடு சேர்த்து அதனை வழங்குவதில்லை. தனியே எடுத்துச் சேர்க்க வேண்டும். ஸ்டோல்மன் எதிர்கொண்ட அதே மூடிய கதவு, நாற்பது ஆண்டுகளின் பின்னரும், தொண்டைமானாற்று அச்சுப்பொறிக்குள்ளே மூடியபடி இருந்தது. இரண்டாமவர் அதனை எடுக்கும் கட்டளையைச் சொல்லி, அது என்ன செய்யும் என்பதையும் விளக்கினார். மூன்றாமவர் தமிழில், கட்டளையை இடுமுன் அச்சுப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குமாறு நினைவூட்டினார்.

வியாழன் காலை ஆசிரியர் அவ்வாறே செய்தார். பொறி ஒருமுறை முனகிற்று. பச்சை விளக்கு மினுங்கிற்று. வினாத்தாளின் முதற்பக்கம் சூட்டோடு வெளியே வந்தது.

பெரும்பாலோர் இவ்விடத்திலே எழுந்து போய்விடுவர். உதவி கேட்ட பக்கங்கள் பலவற்றின் இறுதியிலே, சொன்ன வழி பலித்ததா இல்லையா என்பதே தெரியாமற் கிடப்பது இதனாலேயே. பின்னர் தேடி வருபவர் அம்மூவர் சொன்னதில் எதை நம்புவதென்று அறியாது திகைப்பார். இவர் போகவில்லை. பலித்தது என்றும், எந்தப் படி முக்கியமாயிற்று என்றும் இரு குழுக்களுக்கும் எழுதினார். பின்னர் ஒரு சிறு குறிப்பைத் தமிழில் ஆக்கினார். தரவிறக்கம் என்றும் எழுதி, பக்கத்திற் பதிவிறக்கம் என்றும் எழுதினார். அச்சுப்பொறியின் மாதிரி இலக்கத்தைத் தலைப்பிலேயே வைத்தார். ஒரே வீட்டை நம்பாது மூன்று இடங்களில் அதனை இட்டார். ஒரு படியை அச்சிட்டுக் கணினி அறைச் சுவரிலும் ஒட்டினார்.

பரீட்சை முடிந்து இரண்டு வாரங் கழிந்தன. தமிழ்க் குழுவிலே ஒருநாள் முன்பின் அறியாத ஒருவர் எழுதியிருந்தார்: 'அச்சு வரவில்லை. அவசரம். யாராவது உதவுங்கள்.' வேறொன்றும் இல்லை. ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஆசிரியர் மாலைத் தேநீரை ஒருபுறம் தள்ளி வைத்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரெங்கநாதன் விசைப்பலகையிலே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: 'வணக்கம் ஐயா. அச்சுப்பொறி எந்த மாதிரி? திரையில் வந்த செய்தியை அப்படியே அனுப்ப முடியுமா?'